வண்டியில் யாரும் இறப்பதில்லை

ஜெபக்கனி ஆம்புலன்ஸில் முதலுதவியாளராக ஏறிப் பதினோரு வருடமாகிறது. இந்தப் பதினோரு வருடத்தில் முதல் மாதத்தை மட்டும் கழித்துவிட்டால், அவள் வண்டியில் ஒருவர்கூடச் செத்ததில்லை. அவள் வண்டியில் மட்டுமல்ல, அந்த மாவட்டத்தில் ஓடும் முப்பத்தெட்டு வண்டிகளிலும் இதே கதைதான். படிவங்களை எடுத்துப் பாருங்கள், அப்படித்தான் இருக்கும்.

நிஜத்தில் செத்தார்கள். நிறையப் பேர் செத்தார்கள். ரயில்வே கேட் திறக்கக் காத்திருக்கும்போது செத்தார்கள், வேகத்தடையில் வண்டி ஏறி இறங்குவதற்குள் செத்தார்கள், வண்டி வருவதற்கு முன்பே செத்துக் கிடந்தார்கள். ஆனால் நோயாளியை ஆஸ்பத்திரியில் ஒப்படைக்கும்போது டேப்லட்டில் நிரப்பும் படிவத்தில் 'நாடித்துடிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'இல்லை' என்று தொட்டுவிட்டால் வண்டி நேரே காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். விசாரணை முடியும்வரை அங்கேயே நிற்க வேண்டும். சொந்தக்காரர்கள் அதுவரை சும்மா இருப்பார்களா?

ஜெபக்கனி வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு பெரியவருக்கு நெஞ்சுவலி. பாதி வழியில் போய்விட்டார். அவள் உள்ளதை உள்ளபடி 'இல்லை' என்று போட்டாள். அன்று சாயங்காலத்துக்குள் வண்டியின் கண்ணாடி நொறுங்கியது, பைலட் ஐகோர்ட்துரைக்குக் காறை எலும்பு முறிந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவரைப் பைலட் என்றுதான் அங்கே சொல்வார்கள். கையைத் தூளியில் தொங்கப் போட்டுக்கொண்டு அவர் சொன்னார்: "தங்கச்சி, இனிமே அந்தக் கட்டத்துல நீ 'இல்ல'ன்னு போட்டா, வண்டிய நீயே ஓட்டிக்கோ."

அதோடு சரி. பிறகு அவளும் எல்லோரையும் போல ஆனாள். ஆள் போய்விட்டார் என்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரி வாசல்வரை நெஞ்சை அமுக்கிக்கொண்டே போவது. அதுவும் மெதுவாக, விலா எலும்பு ஒடிந்துவிடாமல். செத்தவரை எதற்கு நோகடிக்க வேண்டும்? இதற்கு அவர்களுக்குள் 'மரியாதை அமுக்கு' என்று பெயர். வாசலில் இறக்கும்போது 'நாடித்துடிப்பு உண்டு, பலவீனம்' என்று தொட்டுவிட்டால் போதும். மற்றதை உள்ளே இருக்கும் டாக்டர் பார்த்துக்கொள்வார். அவருக்கும் தெரியும், ஆனால் அவர் ஒன்றும் கேட்கமாட்டார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மேலக்கரம்பை ஆரம்ப சுகாதார நிலையம் மாதிரி சின்ன இடங்களில் பிணவறை கிடையாது. அதனால் போய்விட்டவர்களை அங்கே இறக்கமாட்டார்கள். எழுபது கிலோமீட்டர் தாண்டி, நேரே பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவார்கள். இந்தப் படிவங்களை மனிதர்கள் யாரும் படிப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். படிப்பதற்கு மனிதரல்லாத ஒன்று வந்து சேரும் என்று யாரும் நினைக்கவில்லை.

அது வந்தது. அதன் பெயர் 'கைநாடி'.

கைநாடி ஓர் இலவச இணையப் பாடம். ஆம்புலன்ஸ்காரர்களுக்கென்றே ஏதோ ஒரு பொதுநல அமைப்பு உண்டாக்கியது. பாடத்தை வாத்தியார் யாரும் எழுதவில்லை. எல்லா மாவட்டத்து வண்டிகளின் படிவங்களையும் அது தானே படிக்கும். எதைச் செய்தால் ஆள் பிழைக்கிறார், எதைச் செய்தால் பிழைப்பதில்லை என்று தானே கண்டுபிடிக்கும். அதையே பத்து நிமிடப் பாடமாக்கி, கனிவான ஒரு பெண் குரலில் தமிழில் சொல்லித் தரும். கேள்வி கேட்டால் பதில் சொல்லும். பரீட்சையும் வைக்கும். புதிய படிவம் வர வர, பாடமும் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

அலுவலகத்திலிருந்து எல்லோரையும் படிக்கச் சொன்னார்கள். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வருகிறவன் வீட்டுக்குப் போய்ப் படுப்பானா, பாடம் படிப்பானா? அப்போதுதான் ஜெபக்கனியை 'ஊக்குநர்' ஆக்கினார்கள். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பச்சை வில்லை கொடுத்தார்கள். வேறொன்றும் கொடுக்கவில்லை.

அவள் அந்த வில்லையை நிஜமாகவே நம்பினாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஐம்பது நாள் பயிற்சி கொடுத்து வண்டியில் ஏற்றிவிட்டவர்கள், அதற்குப் பிறகு ஒரு வார்த்தைகூடச் சொல்லித் தந்ததில்லை. தெரியாத்தனத்தால் எத்தனை பேரைக் கைவிட்டிருக்கிறோம் என்ற நினைப்பு அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது. அதனால் டீக்கடையில், டீசல் போடும் இடத்தில், ஆஸ்பத்திரி வாசலில், வாட்ஸ்அப் குழுவில் என்று பார்த்த இடத்திலெல்லாம் எல்லோர் தலையையும் தின்றாள்.

"இருக்க வேலைக்கே மூச்சு முட்டுது, இதுல பாடம் வேறயாக்கா?" என்றாள் பக்கத்து வண்டியில் இருக்கும் இசக்கிராணி. வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆனவள்.

"பத்தே நிமிசம் ராணி. டீ குடிக்கிற நேரம். காசு பணம் ஒண்ணும் கெடையாது. நாளைக்கு ஒரு பிள்ள உன் கையில மூச்சில்லாமப் பொறந்தா என்ன செய்வ?"

இசக்கிராணி வேண்டாவெறுப்பாக ஆறாம் பாடம் வரைக்கும் படித்தாள். அடுத்த வாரமே அவள் வண்டியில் ஒரு பெண்குழந்தை நீலமாகப் பிறந்தது, அழவில்லை. ஆறாம் பாடத்தில் சொன்னபடி துடைத்து, முதுகைத் தேய்த்து, மூச்சுப் பையை வைத்துக் காற்றுக் கொடுத்தாள். குழந்தை கத்தியது. அந்த வீட்டார் குழந்தைக்கு ராணி என்றே பெயர் வைத்தார்கள். இசக்கிராணி போன் செய்து, பேச முடியாமல் அழுதாள்.

அதன்பிறகு மாவட்டமே படித்தது. ஜெபக்கனி எதைச் சொன்னாலும் கேட்டார்கள்.

வீட்டில் அவளுக்குப் பரீட்சை வைப்பவன் புருஷன் ஞானதிரவியம். வாழைத்தோட்டத்துக்காரன். எட்டாம் வகுப்போடு நின்றவன், ஆனால் அடுப்படி வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான் என்றால் பெரிய பேராசிரியர் தோரணை வந்துவிடும். அவள் குழம்பைக் கிண்டிக்கொண்டே பதில் சொல்வாள். கைநாடியின் குரலை அப்படியே இழுத்து இழுத்துப் பேசிக் காட்டி அவளைச் சிரிக்க வைப்பான்.

பதினேழாம் பாடம் வந்த அன்றும் அப்படித்தான்.

"ஏ கனி, பாம்பு கடிச்சவர எங்கன கொண்டு போவ?"

"பக்கத்துல எங்க விஷமுறிவு ஊசி இருக்கோ அங்க. மேலக்கரம்பை."

"தவறான விடை. மீண்டும் முயலுங்கள்," என்றான் கைநாடி குரலில்.

அவள் கரண்டியை வைத்துவிட்டு வந்து போனை வாங்கிப் பார்த்தாள். பாடம் தெளிவாகச் சொன்னது. பாம்பு கடித்துச் சின்ன ஆஸ்பத்திரிகளில் இறக்கப்பட்டவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களில் அங்கேயே இறந்தவர்கள் முப்பத்தொரு பேர். எங்கும் நிறுத்தாமல் நேராகப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் இருநூற்று எண்பத்தாறு பேர். வண்டியில் இறந்தவர்கள் ஒருவர்கூட இல்லை. எனவே நேராகச் செல்லுங்கள் என்றது. இதைப் பரிந்துரை என்று மஞ்சள் நிறத்தில் போட்டிருந்தது.

"நம்ம பழைய பயிற்சியில மாத்தில்லா சொன்னாவ," என்றாள் ஜெபக்கனி.

"பழசுன்னா பழசுதான். ஏன், எங்கப்பாவையே எடுத்துக்கோ. தோட்டத்துல பாம்பு கடிச்சுக் கெடந்தாவ. நீ எங்கயும் நிறுத்தாம நேரா கொண்டு போன. பெரியாஸ்பத்திரி வாசல் வரைக்கும் உசுரு இருந்துச்சா இல்லியா? அங்கன டாக்டர் சரியில்ல, அதுக்கு நீ என்ன செய்வ? ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கேன், என் பொண்டாட்டி வண்டியில ஏறினா உசுரு போகாதுன்னு."

ஜெபக்கனி போனை அவனிடமே நீட்டினாள். நான்கு வருடத்துக்கு முன்னால் மாமனாரை வாழைக்கட்டைகளுக்கு நடுவிலிருந்து தூக்கும்போதே உடம்பு விறைத்திருந்தது. முன் இருக்கையில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்த புருஷனுக்காக, எழுபது கிலோமீட்டரும் அவள் மரியாதை அமுக்கு அமுக்கினாள். கடைசிவரை அப்பா மூச்சோடு இருந்தார் என்பதுதான் அவனுக்கு மிஞ்சிய ஆறுதல். அதைப் பிடுங்க அவளுக்கு மனம் வந்ததே இல்லை.

"சரி, இப்ப சொல்லு. பாம்பு கடிச்சவர எங்கன கொண்டு போவ?"

"நேரா பெரியாஸ்பத்திரி."

"சரியான விடை. வாழ்த்துகள்!" என்று அவன் கை தட்டினான். மறுநாள் அவள் பதினேழாம் பாடத்தைக் குழுவில் போட்டு, எல்லோரும் கட்டாயம் படிக்க வேண்டும் என்று எழுதினாள்.

இரண்டு வாரம் கழித்து, வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த ஐகோர்ட்துரையிடம் அதை அவளே பெருமையாகச் சொன்னாள். அவருக்குப் போனில் பாடம் படிக்கிற பழக்கமெல்லாம் இல்லை. தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் கேட்டார்.

"இருநூத்தி எம்பத்தாறு பேர்ல ஒருத்தர்கூட வண்டியில சாவலியா?"

"ஒருத்தர்கூட இல்லண்ணாச்சி."

"தங்கச்சி, எந்த வண்டியில எவன் செத்திருக்கான்? நீயே சொல்லு."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"உசுரு இருக்கவனத்தான் நாம மேலக்கரம்பையில எறக்குதோம். போனவனத்தான் நிறுத்தாம நேரா கொண்டு போறோம். அந்தக் கட்டத்துல என்ன போடுதோம்? 'உண்டு'. அந்த மிசினு என்ன நெனைக்கும்? நேரா போனவன் பூராப் பேரும் பொழைச்சான்னு நெனைக்கும்."

"பெரியாஸ்பத்திரியில செத்துட்டாங்கன்னு அங்க எழுதியிருப்பாங்கல்லா?"

"சின்ன ஆஸ்பத்திரிக் கணக்கு நம்ம துறையோட சேந்தது, வந்துரும். பெரியாஸ்பத்திரி வேற துறை. அவன் பேப்பர இவனுக்குக் காட்டமாட்டான். நேரா போனவனப் பத்தி அதுக்குத் தெரிஞ்சது நம்ம படிவம் மட்டுந்தான்."

ஜெபக்கனி வண்டியின் பின்படியில் அப்படியே உட்கார்ந்தாள். இரண்டு வாரமாக மாவட்டத்தில் எத்தனை பேருக்குப் பாம்பு கடித்திருக்கும், எத்தனை வண்டி மேலக்கரம்பையைத் தாண்டிப் போயிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அங்கேயே கைநாடியைத் திறந்தாள்.

"பதினேழாம் பாடம் தப்பு," என்றாள்.

"எதனால் அப்படி நினைக்கிறீர்கள்?" என்று குரல் கனிவாகக் கேட்டது.

"அந்தப் படிவமெல்லாம் பொய். செத்தவங்களுக்கும் நாடி இருக்குன்னு போட்டிருக்கோம்."

"எந்தெந்தப் படிவங்கள் என்று தெரிவித்தால் பாடத்தைத் திருத்த முடியும். ஒவ்வொரு பணியாளரும் தம் படிவங்களைத் தாமே திருத்த வேண்டும். திருத்தம் செய்தவரின் பெயர் நிர்வாகத்துக்கு அனுப்பப்படும். இப்போது தொடங்கலாமா?"

அவள் போனை அணைத்தாள். பொய்ப் பதிவு என்றால் வேலை போகும், வழக்கும் வரும். நிரந்தரப் பணி ஆணை அடுத்த மாதம் கைக்கு வருவதாக இருந்தது. அதைவிடப் பெரிய பயம் வேறு. அவளுடைய பொய்ப் படிவங்கள் இருபத்து மூன்று. அதில் ஒன்று மாமனாருடையது. நிர்வாகம் விசாரிக்க வீட்டுக்கு வரும், புருஷனைக் கேட்கும்.

எனவே அவள் பாதிக் காரியம் செய்தாள். பாதிக் காரியம் செய்கிறவர்களுக்கு முழுக் காரியம் செய்துவிட்ட நிம்மதி வந்துவிடுகிறது, அதுதான் கொடுமை. குழுவில் எழுதப் பயந்து, ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் போனில் அழைத்தாள். பதினேழாம் பாடத்தை நம்பாதீர்கள், பழையபடி பக்கத்து ஆஸ்பத்திரிக்கே போங்கள் என்றாள். முடிந்தால் எல்லோரும் சேர்ந்து படிவங்களைத் திருத்திவிடலாம் என்றும் கேட்டுப் பார்த்தாள். திருத்த ஒருவரும் சம்மதிக்கவில்லை. சிலர் சிரித்தார்கள், சிலர் போனை வைத்துவிட்டார்கள்.

இசக்கிராணிக்குக் கோபம் வந்தது. "நீங்கதானக்கா படிக்கச் சொன்னிய? இப்ப நீங்களே படிக்காதன்னு சொல்லுதிய."

"எங்க மாமாவக்கூட அப்படித்தான் ராணி கொண்டு போனேன். தூக்கும்போதே உயிர் இல்ல. அவங்களையும் அந்த எண்ணிக்கையில சேத்துத்தான் அது பாடம் சொல்லுது."

"வீட்டுல அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் வேண்டாம்."

"சரிக்கா. நான் மேலக்கரம்பைக்கே போயிருதேன்," என்றாள் இசக்கிராணி.

இப்படி எழுபது எண்பது பேரிடம் சொன்னவள், வீட்டில் ஒருவனிடம் சொல்லவில்லை. பாடம் தப்பு என்று சொன்னால் எப்படித் தப்பு என்று அவன் கேட்பான். பேராசிரியர் அல்லவா, விடமாட்டான். அவன் பதினேழாம் பாடத்தைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவள் பேச்சை மாற்றிக்கொண்டிருந்தாள்.

வைகாசி மாதம் ஒரு புதன்கிழமை. காலை பத்தரை மணி. ஜெபக்கனி ஒரு விபத்துக் கேஸைப் பெரியாஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட்டு, கையிலிருந்த ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஆளை ஏற்றியதிலிருந்து போனை அவள் எடுக்கவே இல்லை, அது வண்டிக்குள் கிடந்தது. திரும்பி வந்தபோது ஐகோர்ட்துரை அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகம் செத்துப் போயிருந்தது.

"ராணி மூணு தடவ அடிச்சிருக்கு. அவ பைலட் இப்பத்தான் எனக்குச் சொன்னான். மாப்பிள்ளைக்குத் தோட்டத்துல நல்ல பாம்பு கடிச்சிட்டு."

"மேலக்கரம்பையில இருக்காகளா?"

அவர் பதில் சொல்வதற்குள் வண்டிச் சத்தம் கேட்டது.

இசக்கிராணியின் வண்டி வாசலில் வந்து நின்றது. பின்கதவு திறந்தது. ஞானதிரவியம் படுத்திருந்தான். இசக்கிராணி முழங்காலிட்டு அவன் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தாள். ஜெபக்கனி முதலில் பார்த்தது புருஷன் முகத்தை அல்ல, அந்தக் கைகளைத்தான். பதினோரு வருடப் பழக்கம். கை இறங்க வேண்டிய ஆழத்துக்கு இறங்கவில்லை. விலா ஒடியாமல், நோகாமல், பதமாக அமுக்கிக்கொண்டிருந்தாள்.

இசக்கிராணி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"அக்கா, நாடி இருக்கு," என்றாள்.

இந்த வார்த்தையை ஜெபக்கனி எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள்! எத்தனை பெண்கள் அதைக் கேட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு கும்பிட்டிருப்பார்கள்! கேட்பவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று இப்போது தெரிந்தது. பொய் என்று தெரிந்தும், ஒரு நிமிடம் அவள் நம்பினாள். ஓடிப்போய் அவன் கழுத்தில் விரலை வைத்தாள். தோல் குளிர்ந்திருந்தது.

உள்ளே டாக்டர் பார்த்தார். எப்போதும் போல ஒன்றும் கேட்கவில்லை.

பிணவறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் இசக்கிராணி அவள் காலருகில் உட்கார்ந்து சொன்னாள்.

"நான் மேலக்கரம்பைக்குத்தாங்க்கா விடச் சொன்னேன். நாலு நிமிசந்தான். வாசல்ல வண்டி நின்னுட்டு. அண்ணன் எறங்கமாட்டேன்னுட்டாவ. நல்லாத் தெளிவா பேசுதாவ, சிரிக்காவ. 'ராணி, பதினேழாம் பாடம் படிக்கலியா? என் பொண்டாட்டிக்கே பரீட்ச வைக்கிறவன்ட்ட வந்து இங்கன எறங்குன்னு சொல்லுத'ன்னு கேக்காவ. எங்கப்பாவ நேரா கொண்டு போயித்தான் வாசல் வரைக்கும் உசுரு இருந்துச்சுன்னாவ. பாடம் தப்புண்ணேன்னு சொன்னேன். எப்படித் தப்பு, சொல்லுன்னாவ."

"நீ சொல்ல வேண்டியதுதான?"

"எப்படிக்கா சொல்லுவேன்? உங்க மாமா விசயம் நீங்க சொல்ல வேண்டியதுல்லா? உங்களுக்கு அடிச்சேன், நீங்க எடுக்கல. மறுபடி மறுபடி அடிச்சேன். அதுக்குள்ள அண்ணன் டேப்லட்ட வாங்கி, 'நோயாளியின் விருப்பம்'ங்கிற எடத்துல கையெழுத்தே போட்டுட்டாவ. போட்ட பெறவு நான் தடுக்க முடியாதுக்கா. சட்டம் அப்படி."

ஜெபக்கனி அந்தக் கையெழுத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். இசக்கிராணி டேப்லட்டை நீட்டினாள். 'கு. ஞானதிரவியம்' என்று விரலால் எழுதி, அடியில் வழக்கம்போல ஒரு கோடும் இழுத்திருந்தான்.

"இருபது கிலோமீட்டர் தாண்டினதும் கண்ணு சொருகிட்டு. பேச்சு குழறிட்டு. மூச்சுப் பைய வச்சு அமுக்கிட்டே வந்தேன். பாலத்துக்கிட்ட வாந்தி எடுத்து, அது மூச்சுக் கொழாய்க்குள்ள போயிட்டு. திரும்பியிருக்கணும்க்கா. எப்பத் திரும்புறதுன்னு தெரியாமலே வந்துட்டேன்."

"கடைசியா என்ன சொன்னாக?"

இசக்கிராணி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "'கனி இருக்க எடத்துக்குத்தான் போறேன்'னாவ. நீங்க பெரியாஸ்பத்திரிக்குப் போறியன்னு காலையில சொல்லியிருந்தியளாமே."

ஜெபக்கனி டேப்லட்டைக் கீழே தள்ளிப் பார்த்தாள். ஒப்படைப்புப் படிவம் ஏற்கெனவே அனுப்பப்பட்டிருந்தது. நாடித்துடிப்பு உண்டு, பலவீனம்.

"இத மாத்து ராணி. 'இல்ல'ன்னு போடு."

"உங்க வீட்டுக்காரரு வண்டியில செத்தாவன்னு நான் எழுதுவனா? உங்களுக்காகத்தாங்க்கா போட்டேன். என்னால மாத்த முடியாது. எனக்கும் பிள்ளை குட்டி இருக்கு." அவள் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வண்டிக்குப் போனாள். ஜெபக்கனிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அந்த அமுக்கை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே ஜெபக்கனிதான்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் ஜெபம் நடந்தது. மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பனும் மகனும் வாசல் வரைக்கும் உசுரோட போயிருக்காவ. உன் ஆளுக நல்லாப் பாத்திருக்காவ," என்றாள். வந்திருந்த பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஜெபக்கனி எழுந்து தோட்டத்துக்குப் போனாள்.

மத்தியான வெயிலில் வாழை இலைகள் தொங்கிக் கிடந்தன. இனி மறைப்பதற்கு வீட்டில் ஆள் இல்லை. காப்பாற்றிக்கொள்ள வேலையும் வேண்டாம். பாதிக் காரியத்தைக் கடைசியில் முழுக் காரியமாகச் செய்துவிடலாம் என்று கைநாடியைத் திறந்தாள். திருத்தம் செய்ய வேண்டும் என்றாள்.

இருபத்து மூன்று படிவங்கள். ஒவ்வொன்றாக எடுத்து 'உண்டு' என்பதை 'இல்லை' ஆக்கினாள். பாம்புக் கடிப் படிவம் மட்டும் அவற்றில் ஏழு. மாமனார் பெயர் வந்தபோதும் நிறுத்தவில்லை. எல்லாம் முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று.

"உங்கள் நேர்மைக்கு நன்றி," என்றது குரல். "நிர்வாகத்துக்குத் தகவல் அனுப்பப்பட்டது. பொய்ப் பதிவை ஒப்புக்கொண்ட பணியாளரின் படிவங்கள் அனைத்தும் பாடங்களிலிருந்து நீக்கப்படுகின்றன."

"அனைத்துமா? இருபத்து மூணுதான் பொய். மத்ததெல்லாம் உண்மை."

"பொய் எழுதியவர் மற்றவை உண்மை என்று சொல்வதைச் சரிபார்க்க எங்களுக்கு வழியில்லை."

"இங்க பாருங்க. பாம்பு கடிச்ச நாப்பத்து நாலு பேர நான் மேலக்கரம்பையில எறக்கியிருக்கேன். நாப்பத்து நாலு பேரும் உயிரோட இருக்காங்க. எனக்கு அவங்க பேர் தெரியும், வீடு தெரியும். அத எடுத்துடாதீங்க. அத எடுத்தா..." இந்த இயந்திரத்திடம் கெஞ்சுகிறோமே என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இல்லை.

"நீக்கம் முடிந்தது. பதினேழாம் பாடம் புதுப்பிக்கப்பட்டுள்ளது. பார்க்கிறீர்களா?"

திரையில் பாடம் விரிந்தது. சின்ன ஆஸ்பத்திரிகளில் இறக்கப்பட்டவர்கள் முந்நூற்று அறுபத்தெட்டு பேர். அங்கேயே இறந்தவர்கள் முப்பத்தொரு பேர். அவள் காப்பாற்றிய நாற்பத்து நான்கு பேரையும் காணவில்லை. நேராகப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் இருநூற்று எண்பது பேர். அவளுடைய ஏழு பேர் போய், புதிதாக ஒருவர் சேர்ந்திருந்தார். அந்த ஒருவர் யார் என்று அவளுக்குத் தெரியும். வண்டியில் இறந்தவர்கள்: இல்லை.

மஞ்சள் நிறத்தில் இருந்த 'பரிந்துரை' என்ற சொல் போய், அந்த இடத்தில் சிவப்பில் 'கட்டாயம்' என்று வந்திருந்தது. எல்லா மாவட்டங்களுக்கும் அனுப்பப்பட்டது என்றும் கீழே இருந்தது.

"உங்கள் திருத்தத்தால் இந்தப் பாடம் மேலும் உறுதியாகியுள்ளது. ஒரே ஒரு கேள்வியோடு பாடத்தை முடித்துக்கொள்ளலாம்," என்றது அந்தக் கனிவான குரல். "பாம்பு கடித்தவரை எங்கே கொண்டுசெல்வீர்கள்?"

ஜெபக்கனி வாழைக்கட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். அடுப்படி வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு, இதே குரலை இழுத்து இழுத்துப் பேசிச் சிரிக்கவைத்தவன் ஞாபகத்துக்கு வந்தான்.

"மேலக்கரம்பைக்கு," என்றாள்.

"தவறான விடை. மீண்டும் முயலுங்கள்."